ஹாட்பாக்ஸுக்குக் கட்டிய காஞ்சிப் பட்டு

எங்கள் வீட்டுப் பரண்மேல் ஆறு வருடமாக ஒரு ஹாட்பாக்ஸ் செட் இருந்தது. கிரகப்பிரவேசத்துக்கு வந்தது, பெட்டியைப் பிரிக்கவே இல்லை. அன்றைக்கு மட்டும் நான்கு ஹாட்பாக்ஸ் செட்டும் ஏழு சுவர்க் கடிகாரமும் வந்தால் எதைத்தான் பிரிப்பது? பிரித்தவற்றிலும் இதுவரை எதையும் சூடாக வைத்ததில்லை. ஒன்றில் புளி இருக்கிறது. இன்னொன்றில் எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிகள்.

போன மாதம் சித்தி மகன் பத்திரிகையோடு வந்தான். இருபது வருடம் தாம்பரத்தில் வாடகை வீட்டில் இருந்தவர்கள் இப்போது முடிச்சூரில் சொந்தமாகக் கட்டியிருக்கிறார்கள். அவன் காபி குடித்துவிட்டுப் படி இறங்குவதற்குள் என் மனைவியின் பார்வை பரணுக்குப் போய்விட்டது.

"மொய்க் கவர் வச்சா போதாதா?" என்றேன்.

"கவரும் வைக்கலாம். கையில ஒரு பொருள் இருந்தாத்தான் போட்டோவுல நல்லாயிருக்கும்."

ஸ்டூல் போட்டு இறக்கி, தூசி தட்டி, ஈரத் துணியால் துடைத்ததும் பெட்டி கடையிலிருந்து நேற்று வந்ததுபோல் ஆகிவிட்டது. திருப்பிப் பார்த்தால் அடியில் கறுப்பு மார்க்கரில் கொட்டை எழுத்து: அன்புடன், பெரியப்பா – பெரியம்மா, குன்றத்தூர். அதற்குப் பக்கத்தில் ஏதோ கிழிசலை மறைக்கவோ என்னவோ, ஒரு சாண் நீளத்துக்குப் பிரவுன் டேப்.

"அவனுக்கும் அவர் பெரியப்பாதானே, அப்படியே விட்டுடலாமே" என்றேன். மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதுவதற்கில்லை.

எட்டாவது படிக்கும் மகள் அப்போதுதான் தன் பொக்கிஷத்தை எடுத்து வந்தாள். பத்து உருளைகள். ஒவ்வொன்றும் ஒன்றரை சென்டிமீட்டர் அகலம். ஒன்றில் மாங்காய், ஒன்றில் நரிக்குட்டி, ஒன்றில் தங்கப் புள்ளி. பெயர் வாஷி டேப்.

"வாஷிங் டேப்பா?"

"வாஷி, அப்பா. ஜப்பான் பேப்பர்."

'வா' என்றால் ஜப்பானைக் குறிக்கும், 'ஷி' என்றால் காகிதம். காகித மல்பெரி என்ற மரத்தின் பட்டையை ஊறவைத்து, அடித்து, கூழாக்கி அங்கே பல நூற்றாண்டுகளாகக் கைக்காகிதம் செய்கிறார்கள். பட்டுப்புழு தின்னும் மல்பெரிக்கு அது சொந்தக்கார மரம். இதைக் கேட்டதும் அதுவரை அலட்சியமாக இருந்த மனைவி, "அப்போ பட்டுக்குச் சொந்தம்னு சொல்லு" என்று ஓர் உருளையைக் கையில் எடுத்துப் பார்த்தாள். 250 ரூபாய்க்குப் பத்து உருளை வாங்கியதில் எவ்வளவு ஜப்பான் இருக்கும் என்று நான் கேட்கவில்லை.

மறைக்கும் வேலை முதலில். பெரியப்பாவின் மேல் மாங்காய் டேப்பை வரிசையாக ஒட்டினாள் மகள். இந்தக் காகிதத்துக்கு ஒரு குணம் உண்டு, லேசாக ஒளி ஊடுருவும். மாங்காய்களுக்கு நடுவே 'பெரியப்பா' என்ற எழுத்து, திரைக்குப் பின்னால் ஆள் நிற்பதுபோலத் தெரிந்தது. இரண்டாவது அடுக்கில் 'பா' மட்டும் மிஞ்சியது. மூன்றாவது அடுக்கில் மறைந்தார். குன்றத்தூருக்கு நான்கு அடுக்கு தேவைப்பட்டது.

எங்கள் தெருமுனையில் கார்களுக்கு டிங்கரிங், பெயிண்டிங் பார்க்கும் பட்டறை இருக்கிறது. ஒட்டியது நிற்குமா என்ற சந்தேகத்தில் ஓர் உருளையை எடுத்துப்போய் அந்தப் பட்டறைக்காரரிடம் காட்டினேன். சுண்டுவிரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"சார், இது எங்க பேப்பர் டேப்பு. பாவாடை சட்டை போட்டுவிட்டிருக்காங்க, அவ்வளவுதான்."

அவர் சொன்னது வரலாற்றுப்படியே சரி. கார்களுக்கு இரண்டு நிறம் அடிக்கும் மோகம் அமெரிக்காவில் கிளம்பியபோது, ஒரு நிறத்தை மறைத்து இன்னொன்றை அடிக்க ஒட்டிய டேப்பை உரித்தால் பெயிண்டும் சேர்ந்து உரிந்து வந்தது. பட்டறைகளில் பெயிண்டர்கள் திட்டுவதைக் கேட்ட 3எம் நிறுவனத்து ரிச்சர்ட் ட்ரூ, 1925ல் மாஸ்கிங் டேப்பைக் கண்டுபிடித்தார். ஒட்டவும் வேண்டும், கேட்டால் விட்டுவிடவும் வேண்டும். மருமகளுக்குச் சொல்லும் புத்திமதி மாதிரி ஒரு பசை.

ஜப்பான் கதை இதைவிட வேடிக்கை. குராஷிகி ஊரில் காமோய் என்ற நிறுவனம் 1923ல் தொடங்கியது, ஈ பிடிக்கும் ஒட்டுத்தாள் செய்ய. பிறகு அவர்களும் பெயிண்டர்களுக்கான டேப்புக்கு வந்தார்கள். 2006ல் தோக்கியோவிலிருந்து மூன்று பெண்கள், "உங்கள் டேப்பில் நாங்கள் கைவேலை செய்கிறோம், தொழிற்சாலையைப் பார்க்கலாமா" என்று கேட்டு வந்தார்கள். அதன் பலன், கொஞ்ச காலத்திலேயே வண்ண வண்ண டேப்புகள் கடைக்கு வந்தன. ஈ ஒட்டிய பரம்பரையில் வந்ததுதான் என் மகளின் நரிக்குட்டி.

பட்டறைக்காரர் உருளையைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒன்று சொன்னார். "அழகுக்கு ஒட்டுங்க சார். இதை நம்பி எதையும் கட்டாதீங்க. உரியறதுக்குன்னே பொறந்தது." வீட்டில் அதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள்.

முதல் நாள் இரவு ஒன்பது மணிக்குப் பெட்டியைப் பொதிய உட்கார்ந்தோம். ஜூன் மாதம் நோட்டுக்கு அட்டை போட்டு மிஞ்சிய பிரவுன் ஷீட் இருந்தது. பெட்டி பெரியது, இரண்டு ஷீட்டை நடுவில் இணைக்கவேண்டும். நான் செல்லோ டேப்பை எடுத்தேன். பளபளவென்று தெரியும், அசிங்கம் என்று மகள் பிடுங்கி வைத்தாள். இணைப்பு, மடிப்பு, மூலை எல்லாமே வாஷியில்தான்.

அதற்குப்பிறகு மனைவி பொறுப்பேற்றாள். நரிக்குட்டி நிராகரிக்கப்பட்டது. "பிரவுன் ஷீட்டுதான் உடல். ரெண்டு பக்கமும் பச்சைக் கரை. கோர்வைப் புடவை மாதிரி." காஞ்சிபுரத்தில் கோர்வைக்கு உடலும் இரண்டு கரையுமாக மூன்று தறி நாடா ஓட்டி, நிறம் மாறும் இடத்தில் இழைகளைக் கோர்ப்பார்கள். எங்கள் வீட்டில் நாடாவுக்குப் பதில் நான் இருந்தேன். "கரை கோணலாப் போகுது, உரிச்சு ஒட்டுங்க" என்றாள். உரித்தேன், காகிதம் கிழியாமல் வந்தது. இந்த டேப்பின் பெருமை இதுதான், தப்பு செய்தவனை மன்னித்துவிடும். ஆனால் மூன்று முறை உரித்து ஒட்டியதில் இருந்த கொஞ்சப் பசையும் போய்விடும் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

கரை முடிந்ததும் தாழம்பூ ரேக்கு வேண்டும் என்றாள். தங்கப் புள்ளி டேப்பைச் சின்னச் சின்ன முக்கோணமாக வெட்டி, கரையோரம் பல்வரிசையாக ஒட்டவேண்டும். நாற்பத்திரண்டு முக்கோணம் வெட்டினேன். அதில் ஆறு என் முழங்கையில் ஒட்டிக்கொண்டு அலுவலகம் வரை வந்தன, அது வேறு கதை. மேல்பக்கம் சிவப்பும் தங்கமுமாகக் குறுக்குப் பட்டைகள் இழுத்து முந்தியும் வந்துவிட்டது. இரவு பன்னிரண்டரைக்கு எழுந்து நின்று பார்த்தோம். பொய் சொல்லக்கூடாது, அழகாகவே இருந்தது. என் கல்யாணத்துக்கு எடுத்த புடவைக்குக்கூட நான் இவ்வளவு உழைத்ததில்லை.

விடியற்காலை ஆட்டோவில் முடிச்சூர். காற்றில் முந்தியின் ஓரம் லேசாகப் படபடத்தது. மகள் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தாள். புது வீட்டில் ஓமம் நடந்த கூடத்திலேயே, குண்டத்துக்குப் பத்தடி தள்ளிப் பரிசுகளை அடுக்கச் சொன்னார்கள். ஜிகினாத் தாள் சுற்றிய கடிகாரங்களுக்கு நடுவே எங்கள் பெட்டி மட்டும் மணப்பெண்போல உட்கார்ந்திருந்தது. இரண்டு பேர் செல்போனில் படம்கூட எடுத்தார்கள். மனைவி அதை நான் பார்த்தேனா என்று பார்த்தாள்.

ஓமம் முடிந்து, பால் காய்ச்சி, பரிசு கொடுக்கும் நேரம். நாங்கள் பெட்டியைத் தூக்கித் தம்பதியிடம் நீட்டினோம். "எல்லாரும் கேமராவைப் பாருங்க" என்றார் போட்டோக்காரர். பார்த்தோம். அப்போது 'சர்ர்' என்று ஒரு சத்தம். நடு இணைப்பு விட்டுப்போய் இரண்டு ஷீட்டும் இரண்டு பக்கமாகச் சரிந்தன. கரை, ரேக்கு, முந்தி எல்லாம் சேர்ந்து என் காலடியில் விழுந்தன. தம்பியின் கையில் ஹாட்பாக்ஸ் பெட்டி தனியாக நின்றது.

"பரவாயில்ல அண்ணா, எப்படியும் பிரிக்கிறதுதானே" என்றான் அவன். நல்ல பையன்.

பெட்டியைக் கீழே வைத்தான், கவிழ்த்து. அவனுடைய ஐந்து வயது மகன் மாங்காய் டேப்பைப் பார்த்துவிட்டான். நுனி ஏற்கெனவே தூக்கிக்கொண்டிருந்தது. ஒன்று உரித்தான். அட, அழகாக வருகிறதே என்று அடுத்தது. நான்கு அடுக்கும் அட்டையில் ஒரு கீறல் இல்லாமல் வந்தன. எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த குன்றத்தூர் பெரியப்பா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார்.

"இது என் எழுத்து மாதிரி இருக்கே?"

நான் நாகசுரம் வந்த திசையைப் பார்த்தேன். அது ஸ்பீக்கர்தான், இருந்தாலும் பார்த்தேன். மனைவி மகளின் பின்னலைச் சரிசெய்தாள். பெரியப்பா இன்னும் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள், உரிக்கும் ருசி கண்ட பையன் பக்கத்தில் இருந்த பிரவுன் டேப்பைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துவிட்டான்.

பிரவுன் டேப்புக்கு மன்னிக்கும் குணமெல்லாம் கிடையாது. அட்டையின் மேல்தோலைப் பிய்த்துக்கொண்டே வந்தது. அதற்கடியில் நீலப் பேனாவில் எழுதியிருந்த இரண்டு வரியும் பாதிக்குமேல் அதோடு போய்விட்டன. ஓரத்தில் ஒரே ஒரு சொல் தப்பித்தது: தாம்பரம்.

பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைக்க ஆரம்பித்தார். தம்பி சித்தியைப் பார்த்தான். சித்தி பெட்டியைப் பார்த்தாள், பெரியப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அடடா, எல்லாரும் ஏன் நின்னுட்டே இருக்கீங்க? பந்தி போட்டாச்சு, பொங்கல் ஆறிடப் போகுது, வாங்க வாங்க" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

பொங்கலும் வடையும் கேசரியும் நன்றாக இருந்தன. யாரும் பரிசைப் பற்றிப் பேசவில்லை. தாம்பூலப் பை வாங்கிக்கொண்டு செருப்பைத் தேடும்போது பெரியப்பா பக்கத்தில் வந்து நின்றார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு என் மகளின் காதில் குனிந்தார்.

"கண்ணு, அந்த மாங்கா டேப்பு எந்தக் கடையில கிடைக்கும்?"