சாகிறவன் மைக்குக்குக் கீழேதான் விழணும்

புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் பொங்கலுக்கு ஊர் இளவட்டங்கள் போடும் சமூக நாடகம் நடிப்பால் கெட்டதாகச் சரித்திரமே இல்லை. மாமன் மகன் எப்படி நடித்தாலும் ஊர் கைதட்டும். கெடுப்பதெல்லாம் மைக், திரை, அன்பளிப்பு.

மேடை முகப்பில் குறுக்கு மூங்கிலில் மூன்று மைக் தொங்கும். நேர் கீழே நின்றால்தான் வசனம் கேட்கும். அதனால் கலெக்டரும் பண்ணையாரும் வேலைக்காரனும் பேச்சு வந்ததும் ரேஷன் கடை வரிசை மாதிரி அங்கேயே வந்து நிற்பார்கள். நிற்கிறவரை சரி, செத்தால்தான் சிக்கல். குத்துப்பட்ட அண்ணன் தரையில் கிடந்தபடி தங்கச்சிக்கு முக்கால் பக்கம் புத்தி சொல்லவேண்டியிருக்கும். தலைக்கு மேல் தொங்கும் மைக்கில் அது ஏறாது. "கேக்கலடா, சத்தமாச் சாவு!" என்று கூட்டம் கத்தும். அவனும் எழுந்து மைக் வரைக்கும் வந்து மிச்சத்தைச் சொல்லிவிட்டு, திரும்பப் போய்ப் படுத்துச் சாவான். வலது ஓர மைக்கை மட்டும் மூன்றடி உயரத்துக்கு இறக்கிக் கட்டி, சாவெல்லாம் அந்த மூலையில்தான் என்று ஒத்திகையிலேயே பழக்கிவிடுங்கள். வசனம் எடுத்துக்கொடுப்பவரை இடது தட்டிக்குப் பின்னால் உட்காரவையுங்கள். வலது பக்கம் வைத்தால் செத்தவனுக்கு முன்னால் அவர் குரல் ஊருக்குக் கேட்கும். அவர் நோட்டில் "அழுதுகொண்டே" போன்ற குறிப்புகளைச் சிவப்பு மையில் எழுதுங்கள். இல்லாவிட்டால் அதையும் படிப்பார், நம் ஆளும் அப்படியே திருப்பிச் சொல்வான்.

வாடகைக்கு எடுக்கும் சீன்களில், அதாவது படம் வரைந்த பின்திரைகளில், தெரு, தர்பார், காடு, வீடு கட்டாயம் இருக்கும். அடியில் மூங்கில் கோத்த துணி; இரண்டு கயிற்றையும் இழுத்தால் சுருண்டு ஏறும். ஆளுக்கொரு கயிறாக இரண்டு பையன்களிடம் கொடுத்தால் ஒரு பக்கம் முந்திக்கொண்டு, வீடு சாய்ந்து தொங்கும். இரண்டையும் கப்பி வழியாக ஒரே பக்கம் கொண்டுவந்து, சேர்த்து முடிந்து, ஒருத்தன் கையில் கொடுங்கள். சீன் மாற்ற விசிலை அடையாளமாக வைத்துவிடாதீர்கள். நடிகை வந்து நின்றதும் ஊரே விசிலடிக்கும், முதல் வரி பாடுவதற்குள் காடு இறங்கிவிடும். கோயில் கைமணி போதும்.

நடிகையைப் பற்றிக் கவலையே வேண்டாம். வெளியூரிலிருந்து வருபவர் பெரும்பாலும் ஸ்பெஷல் நாடகத்தில் ஊறியவர். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) எழுதிய பாட்டும் வசனமும் மனப்பாடம் என்பதால், ஒத்திகையே இல்லாமல் மேடையில் சந்தித்து விடிய விடிய வள்ளி திருமணம் நடத்துகிறவர்கள் அவர்கள். நம் கதையைச் சாயங்காலம் கேட்டுக்கொண்டு ராத்திரி நடித்துவிடுவார். கதாநாயகன்தான் பாவம். மார்கழி முழுக்க லுங்கி கட்டிய பங்காளியைப் பார்த்து "அன்பே" சொல்லிப் பழகியவனுக்கு, எதிரில் நிஜமாகவே ஒரு பெண் நின்றதும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். முதல் சந்திப்பைப் பாட்டுக் காட்சியாக வைத்துவிடுங்கள். நாலு நிமிஷம் ஆர்மோனியம் பார்த்துக்கொள்ளும்.

பண்ணையார் மீசை பாதியில் விழுவதற்குக் காரணம், எண்ணெய் கலந்த மேக்கப்பை முதலில் பூசிவிட்டு அதன் மேல் ஒட்டுவது. மீசை ஒட்டும் பசையான ஸ்பிரிட் கம் எண்ணெயில் பிடிக்காது. முகம் கழுவி, ஈரம் போகத் துடைத்து, கம் தடவி, விரல் வைத்தால் பிசுபிசுக்கும் வரை காத்திருந்து மீசையை அழுத்துங்கள்; பூச்செல்லாம் அப்புறம். துப்பாக்கிக்கு வாங்கிய பொட்டுக் கேப்பைத் தைப்பனியில் திறந்து வைத்தால் வெடிக்காது. மூடி இறுகிய டப்பாவில் வையுங்கள். அப்படியும் நம்பாமல் திரைக்குப் பின்னால் இரண்டு பலகையோடு ஒருத்தன் நிற்கட்டும். அவன் தூங்கினால் ஆள் விழுந்த பிறகு 'டமார்' கேட்கும்.

அன்பளிப்பைத் தடுக்க முடியாது, தடுத்தால் வரவு போய்விடும். பிணத்தின் சட்டையில் 101 ரூபாயை ஊக்கு வைத்துக் குத்த மாமன் மேடை ஏறினால், பிணம் எழுந்து கும்பிட்டுத்தான் ஆகவேண்டும், முறை அப்படி. சீட்டு எழுதி வாங்கி, சீன் மாறும் இடைவெளியில் மொத்தமாகப் படியுங்கள்.

நேரம்தான் மிச்சம். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. நாடகத்துக்கென்று நாம் காலங்காலமாக வைத்திருந்த நேரமும் அச்சாக அதே 10 முதல் 6. திருவிழாக் காலத்தில் அரசு 12 வரை தளர்த்தலாம், அதுவும் வருஷத்துக்கு 15 நாளுக்கு மேல் இல்லை. எனவே ஏழு மணிக்கே திரை ஏறட்டும். பத்துக்கு ஆரம்பிக்கிற ஊரில் கான்ஸ்டபிள் வந்து மைக்செட்டை அணைக்கும்போது பண்ணையார் இன்னும் திருந்தியிருக்க மாட்டார்.