சக்கரம் வைத்த வள்ளம்

"இதுக்கு முன்னாடி படகைக் கிட்டத்துல பாத்திருக்கியா?" என்கிற பொருளில் கேட்டார் அந்த வெள்ளைக்காரப் பெரியவர். மெல்பர்னில் பேட்டர்சன் ரிவர் படகுத்துறை. ஸ்னாப்பர் மீன் சீசன் என்பதால் விடியும் முன்பே, படகை ஏற்றிக் காருக்குப் பின்னால் மாட்டிய டிரெய்லர் வண்டிகள் வரிசைகட்டி நிற்கின்றன. அவர் கேட்டதில் விஷமம் இல்லை. முகத்தைப் பார்த்தார், கேட்டுவிட்டார். ஆனாலும் சுருக்கென்றது. தூத்துக்குடிக்குத் தெற்கே, திண்ணையில் உட்கார்ந்தால் கடல் தெரிகிற ஊரில் பிறந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? அப்பாவின் வள்ளத்தில் வாந்தியெடுத்து, திட்டு வாங்கி, வலை இழுக்கப் பழகியவன் நான். "கொஞ்சம் பாத்திருக்கேன்" என்று சொல்லி வைத்தேன்.

என்ன, எங்கள் ஊர் வள்ளத்துக்குச் சக்கரம் கிடையாது. இங்கே படகு வாரம் முழுக்க வீட்டு வாசலில் கிடக்கிறது. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் காருக்குப் பின்னால் அரைமணி நேரம் ரோட்டில் வரவேண்டும். படகுக்கு ஒரு பதிவு எண், டிரெய்லருக்குத் தனி நம்பர் பிளேட், ஓட்டுகிற எனக்குக் கடல் லைசென்ஸ். போனில் அப்பாவிடம், "டிரெய்லருக்குப் பிரேக் மாத்திக்கிட்டு இருக்கேன்பா" என்றேன்.

"படகுக்கு எதுக்குலே பிரேக்கு?"

நியாயமான கேள்விதான். முழுச் சுமையோடு காரில் மாட்டியிருக்கும்போது டிரெய்லர் சக்கரங்கள் மேல் இறங்கும் எடை 750 கிலோவைத் தாண்டினால் ஆஸ்திரேலியாவில் பிரேக் கட்டாயம். 2000 கிலோ வரை ஒரு அச்சில் இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் எல்லாச் சக்கரத்துக்கும் வேண்டும். அந்த 2000-ஐத் தாண்டியவற்றுக்கு, டிரெய்லர் வழியில் கழன்றுகொண்டால் தானாகவே பிடித்து, குறைந்தது 15 நிமிடம் விடாமல் நிற்கிற ஏற்பாடும் வேண்டும். என் அலுமினியப் படகு எஞ்சின், பெட்ரோல், ஐஸ்பெட்டி எல்லாம் சேர்ந்து ஒரு டன்னைத் தொடும். அதனால் ஓவர்ரன் பிரேக். இதற்குக் கரண்டே தேவையில்லை. கார் வேகம் குறைந்ததும் பின்னால் வரும் டிரெய்லர் முன்னே தள்ளும், அந்தத் தள்ளலில் கொக்கிப் பகுதி சறுக்கி ஒரு லீவரை அழுத்தும், லீவர் கேபிளை இழுக்கும், பிரேக் பிடிக்கும். நல்ல மூளைக்காரன் கண்டுபிடிப்பு. வீட்டு மேட்டில் ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் அதே தள்ளல் பிரேக்கைப் பிடித்துத் தொலைக்கும் என்பதால் ஒரு தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு ஏற்ற வேண்டும்.

பழைய டிரெய்லர்தான் வாங்கினேன். விற்றவர் எல்லாம் கச்சிதம் என்றார். கீழே படுத்துப் பார்த்தால், பிரேக் கேபிள் லீவரில் மாட்டாமல் டிரெய்லரின் அடிச்சட்டத்தோடு பிளாஸ்டிக் டை போட்டுக் கட்டியிருந்தது. உப்புத் தண்ணீரில், பிரேக் பேடை அழுத்திப் பிடிக்கிற காலிப்பர் துருப்பிடித்து இறுகியிருக்கிறது. சரிசெய்ய அலுப்புப்பட்டுக் கழற்றிவிட்டிருக்கிறார்கள். அதைக் காட்டியே விலையைக் குறைத்தேன். அந்த விஷயத்தில் நான் இன்னும் ஊர்க்காரன்தான்.

பிரேக்கையாவது மன்னித்துவிடலாம். உயிரை வாங்கியது வெள்ளை ஒயர். டிரெய்லர் விளக்குகளைக் காரோடு இணைக்கும் ஏழு முள் பிளக்கில் இங்கே மஞ்சள் இடது இண்டிகேட்டர், பச்சை வலது, சிவப்பு பிரேக் விளக்கு, பழுப்பு பின்விளக்கு, வெள்ளை எர்த், அதாவது கரண்ட் திரும்பிப் போகிற வழி. இடது இண்டிகேட்டரைப் போட்டால் என் டிரெய்லரில் பிரேக் விளக்கும் சேர்ந்து மினுங்கியது. பிரேக்கை மிதித்தால் பின்விளக்கு மங்கியது. பல்பை மாற்றினேன், ஃபியூஸைப் பார்த்தேன், பிளக்கையே மாற்றினேன். கடைசியில் பார்த்தால் எர்த் ஒயரைச் சட்டத்தில் முடுக்கியிருந்த போல்ட் பச்சை பூத்துக் கிடந்தது. திரும்பிப் போக வழியில்லாத கரண்ட் பக்கத்து விளக்கின் வழியாகப் போயிருக்கிறது. சட்டத்தை நம்புகிற வேலையே வேண்டாமென்று ஒவ்வொரு விளக்கிலிருந்தும் எர்த்தைத் தனி ஒயராகப் பிளக் வரைக்கும் இழுத்தேன். வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர், சூடு காட்டினால் சுருங்கி ஒட்டிக்கொள்கிற உறை, பிளக் முள்ளில் கொஞ்சம் வாசலின். கடலில் இறங்குகிற டிரெய்லருக்கு இதைவிடக் குறைவாகச் செய்வது வீண் என்றே சொல்வேன்.

இப்போது எனக்கும் இந்த ஊர் ஒழுங்கு பழகிவிட்டது. துறையில் பின்னால் இறக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுவேன்; பழைய பல்பு சூட்டோடு குளிர்ந்த தண்ணீரில் முங்கினால் விரிசல் விடும். ஓடிவந்த சூட்டோடு சக்கரத்தின் நடுக்குடத்தையும் இறக்கக்கூடாது; உள்ளேயிருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, சீல் வழியாக உப்புத் தண்ணீரை பேரிங்குக்குள் இழுத்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். மழைக்காலம் முழுக்க நிறுத்தி வைப்பதாக இருந்தால் ஹேண்ட்பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கட்டை வைப்பது நல்லது. இல்லாவிட்டால் பிரேக் பேடு டிஸ்க்கோடு ஒட்டிக்கொள்ளும். வழியில் பெட்ரோல் பங்கில் நிறுத்தினால் இரண்டு பக்கக் குடத்துக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பார்ப்பேன். ஒரு பக்கம் மட்டும் கொதித்தால் பிரேக் உரசுகிறது, அல்லது பேரிங் போகப்போகிறது.

அப்படிக் குனியும்போதுதான் ஊர் வந்துவிடும். கரையேறிய வள்ளத்தின் அடிப்பலகையை அப்பா இப்படித்தான் தடவிக்கொண்டே போவார். ஒரு இடத்தில் கை நிற்கும். "இங்க பஞ்சு விட்டுருக்குலே" என்பார். பலகை இடுக்கில் தண்ணீர் புகாமல் அடைத்த பஞ்சு விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். விரல் வைத்த இடத்தை நான் எத்தனை உற்றுப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. பின்னால் டீசலும் கருவாடுமாக ஒரு வாசம், மாதா கோயில் மணி, ஏலக்காரரின் சத்தம். பங்கில் பின்னால் நிற்பவன் ஹாரன் அடித்தபிறகுதான் நான் மெல்பர்னுக்குத் திரும்புவேன்.

கிளம்புகிற ஒவ்வொரு முறையும் விளக்குச் சோதனை உண்டு. மனைவி தூக்கக் கலக்கத்தோடு நைட்டியில் காருக்குள், நான் டிரெய்லருக்குப் பின்னால். லெஃப்ட் போடு. ரைட் போடு. பிரேக்கை மிதி. இன்னொரு தரம் மிதி. எதிர்வீட்டு நாய் குரைக்கத் தொடங்கும்.

"டாண்டினாங் மார்க்கெட்ல மீன் வாங்கியிருந்தா, இந்நேரம் கொழம்பு கொதிச்சிருக்கும்ங்க" என்பாள், பிரேக்கிலிருந்து காலை எடுக்காமலே.