ஸ்விட்ச் ஏன் ஜெயித்தது?
2017 மார்ச்சில் நிண்டெண்டோ நிறுவனத்தின் ஸ்விட்ச் என்ற கேம் கன்சோல் வந்தபோது, இது தேறாது என்றவர்கள் நிறைய. அவர்களையும் குறை சொல்ல முடியாது. நிண்டெண்டோவின் முந்தைய கன்சோலான வீ யூ விற்பனையில் 1.4 கோடியைக்கூடத் தொடவில்லை. ஸ்விட்சோ 15 கோடியைத் தாண்டிவிட்டது!

யாராவது டிவியைக் கேட்டால், ஸ்விட்சை டிவியோடு இணைக்கும் தாங்கியான டாக்கிலிருந்து உருவிக்கொண்டு கட்டிலில் போய் ஆடலாம். சரி, வசதிதான். ஆனால் என் கணக்கில் பெரிய விஷயம் வேறு. முன்பெல்லாம் கையடக்கக் கருவிக்குத் தனி கேம்கள், வீட்டுக் கன்சோலுக்குத் தனி கேம்கள் என்று நிண்டெண்டோவின் உழைப்பே இரண்டாகப் பிரிந்து கிடந்தது. ஸ்விட்சில் எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்தது. செல்டா, போக்கிமான் கேம்கள் இரண்டும் ஒரே கருவியில் கிடைத்தால் யார் விடுவார்கள்?

கிராஃபிக்ஸில் ஸ்விட்ச், சோனியின் பிளேஸ்டேஷன் 4 கன்சோல் பக்கத்தில்கூட நிற்காதுதான். யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. 2019-ல் வந்த ஸ்விட்ச் லைட்டை டிவியில் இணைக்கவே முடியாது. அதையும் கோடிக்கணக்கில் வாங்கினார்கள்!