தொப்பிக்கு ஒரு வழி பிறந்தது

ஞாயிற்றுக்கிழமை என் அறையில் மிருதங்கத்தில் வாசித்துப் பதிவு செய்த, ஆதி தாள மோரா என்ற தாள அமைப்பை நான்கு முறை கேட்டுவிட்டேன். தொப்பியின், அதாவது இடப்பக்கத் தோலின், ‘தோம்’ அடங்க வேண்டிய இடத்தில் அடங்குகிறது. தொப்பியில் கையை அழுத்தி இழைக்கும் கும்கியின் இழைவு கடைசிவரை கேட்கிறது. இரண்டு வருடம் இதற்காகத்தான் மல்லுக்கட்டினேன்.

முதலில் வாங்கிய கண்டென்சர் மைக் நல்ல மைக்தான். ஆனால் என் 11க்கு 10 அடி அறைக்கு அது ஆகாது. மிருதங்கத்தோடு சுவர், ஜன்னல், தெருவில் போகும் கீரைக்காரர் எல்லோரையும் சேர்த்துப் பிடித்தது. அதை விற்றுவிட்டு, பழைய ஷூர் எஸ்எம்57 மைக் ஒன்றை வாங்கினேன். 1965இல் வந்த மாடல், இன்றும் விற்கிறார்கள். வலப்பக்கத் தோலான வலந்தலைக்கு அரைச் சாண் தள்ளி, அதன் ஓர வளையமான மீட்டின் பக்கம் சற்றுச் சாய்த்து வைத்தால் சாப்பு என்ற அடி பளிச்சென்று விழுகிறது. நான் வாங்கியவற்றில் இதற்கு இணை எதுவும் இல்லை.

மோசமாக ஏமாந்தது, எதிரொலியைக் குறைக்கச் சுவரில் ஒட்டும் ஃபோமில். ஒரு அங்குலக் கனத்தில் 24 துண்டுகள், 2,800 ரூபாய். ஒட்டி முடித்துக் கைதட்டிப் பார்த்தபோது எதிரொலி குறைந்திருந்தது, மகிழ்ந்துபோனேன். வாசித்தால் வலந்தலை மங்கிவிட்டது, தொப்பி மட்டும் பழையபடியே குமுறியது. அந்தக் கனத்துக்கு மேல்சுரங்களைத்தான் உறிஞ்ச முடியும். ‘ஸ்டுடியோ தரம்’ என்று போட்டு விற்பவர்கள் இதைச் சொல்வதே இல்லை. கோபம் இன்னும் தீரவில்லை.

குமுறலின் காரணம் அறையின் நீளத்தில் இருந்தது. 102 ஹெர்ட்ஸ் என்ற கீழ்ச்சுரத்தின் அலைநீளம் ஏறக்குறைய 11 அடி. அதனால் என் அறையில் அந்தச் சுரம் இரு சுவரிலும் நட்டநடுவிலும் பருத்து நிற்கும். நான் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்ததோ நட்டநடுவில்! சுவரிலிருந்து இரண்டே முக்கால் அடிக்கு நகர்ந்ததும் பாதிக் குமுறல் போயிற்று. காசு செலவில்லை.

மீதியை ராக்வூல் (பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு) பார்த்துக்கொண்டது. இசைக்கருவிக் கடைகளில் தேடி அலைய வேண்டாம். பாய்லருக்கும் குழாய்களுக்கும் வெப்பக்காப்புப் பொருள் விற்கும் கடையில் கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியுள்ள பலகை கேளுங்கள். இரண்டு அங்குலப் பலகைகள் இரண்டைச் சேர்த்து ரீப்பர் சட்டத்துக்குள் வைத்தேன். பின்பக்கம் பிளைவுட் அடிக்கக் கூடாது, திறந்தே இருக்கட்டும். சுவருக்கும் சட்டத்துக்கும் நான்கு அங்குல இடைவெளி விட்டேன். இடைவெளி இல்லாமல் சாத்தியும் பதிவு செய்து பார்த்தேன். வித்தியாசம் காதுக்கே தெரிகிறது.

துணி விஷயத்திலும் ஒரு பாடம். முதல் சட்டத்துக்கு ரெக்சின் போட்டுக் கெடுத்தேன், பிரித்துவிட்டுக் காடாத்துணி கட்டினேன். துணியை வாயில் வைத்து ஊதினால் காற்று மறுபக்கம் வர வேண்டும், அதுதான் சோதனை. முழுக்கைச் சட்டை, கையுறை, முகக்கவசம் இல்லாமல் ராக்வூலைத் தொடாதீர்கள். அரிப்பு இரண்டு நாள் விடாது.

நான்கு சட்டங்களில் இரண்டுதான் முடிந்திருக்கின்றன. அதற்குள் தொப்பிக்கென்று தனி மைக் ஆசை வந்துவிட்டது. ஏகேஜி டி112, ஷூர் பீட்டா 52ஏ இரண்டையும் கேட்டுப் பார்க்க வேண்டும். இரண்டும் மேற்கத்திய டிரம்ஸில் காலால் அடிக்கும் கிக் டிரம்முக்காகச் செய்தவை. தொப்பியின் ரவை பூசிய தோலில் எப்படிப் பேசும் என்று கேட்காமல் ஒரு ரூபாயும் கொடுக்க மாட்டேன். நண்பர் ஒருவரிடம் டி112 இருக்கிறது. அடுத்த வாரம் கொண்டுவருகிறார்.