கம்பெனி இன்சூரன்ஸிலிருந்து மனைவியையும் பிள்ளைகளையும் வெளியே எடுத்தபோது

அமெரிக்காவின் டெக்சஸில், டல்லாஸ் பக்கம் எச்1பி வேலை விசாவில் வேலை பார்க்கிற நம்மவர்கள் பலருக்குச் சம்பளச் சீட்டில் கண்ணை உறுத்துகிற வரி ஒன்று உண்டு. வருமான வரியைச் சொல்லவில்லை, மெடிக்கல் இன்சூரன்ஸ் பிடித்தத்தைச் சொல்கிறேன். சின்ன கன்சல்டன்சி என்றால் இன்னும் மோசம். ஊழியருக்கான பிரீமியத்தில் பெரும்பகுதியைக் கம்பெனி கட்டிவிடும். மனைவி, பிள்ளைகளைச் சேர்த்தால் அந்தக் கூடுதல் முழுக்க நம் தலையில். 2023 கடைசியில் எனக்கு வந்த அடுத்த ஆண்டு விலைப் பட்டியலில் எனக்கு மட்டும் மாதம் 130 டாலர். குடும்பத்தோடு 1,240. வருமானம் ஏறக்குறைய 78,000. வாடகைக்கு அடுத்த செலவு அதுதான்.

"கம்பெனி இன்சூரன்ஸ் இருந்தால் ஒபாமாகேர் மானியம் கிடைக்காது" என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 2022 வரை அது ஏறக்குறைய சரிதான். ஒபாமாகேர் என்பது 2010இல் வந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டம். தனியார் காப்பீட்டை மானியத்தோடு வாங்க அரசுச் சந்தை ஒன்றை அது ஏற்படுத்தியது. கம்பெனி தருகிற காப்பீடு கட்டுப்படியாகிற விலையில் இருந்தால் அந்தச் சந்தையில் மானியம் இல்லை. கட்டுப்படியாகிறதா என்பதற்குக் குடும்ப வருமானத்தில் ஒரு சதவீதம் வைத்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் கொஞ்சம் மாறும். சிக்கல் எங்கே வந்தது என்றால், 2013இல் வருமான வரித்துறை போட்ட விதி ஊழியர் ஒருவருக்கான பிரீமியத்தை மட்டுமே அந்தச் சதவீதத்தோடு ஒப்பிட்டது. எனக்கான 130 கட்டுப்படியானால், என் குடும்பத்துக்கான 1,240ம் கட்டுப்படியானதாகவே கணக்கு! ஃபேமிலி கிளிட்ச் என்று இதற்குப் பெயர் வைத்தார்கள். ஏதோ கணினிக் கோளாறு மாதிரி. பெயர் வைத்தும் ஒன்பது ஆண்டு திருத்தாமல் வைத்திருந்தார்கள் என்பதுதான் எனக்கு எரிச்சல்.

2022 அக்டோபரில் விதியைத் திருத்தினார்கள். 2023 முதல் ஊழியருக்குத் தனிக் கணக்கு, குடும்பத்துக்குத் தனிக் கணக்கு. 2024க்கான சதவீதம் 8.39. எங்கள் வருமானத்தில் அது மாதத்துக்கு 545 டாலர் வருகிறது. என் 130 அதற்குள் அடங்கிவிட்டதால் நான் கம்பெனி காப்பீட்டிலேயே இருக்க வேண்டும். 1,240 அடங்கவில்லை, ஆகவே மனைவியும் இரண்டு பிள்ளைகளும் மானியத்தோடு வெளியே வாங்கலாம். கணக்கு இவ்வளவுதான். இதைச் செய்துமுடிப்பதுதான் பாடு.

முதலில் எச்ஆர். அரசுச் சந்தையின் ஹெல்த்கேர்.கவ் தளத்தில் எம்ப்ளாயர் கவரேஜ் டூல் என்று ஒரு படிவம் இருக்கிறது. கம்பெனியில் உள்ள மலிவான பிளான் ஊழியருக்கு என்ன விலை, குடும்பத்துக்கு என்ன விலை, அது குறைந்தபட்சத் தரத்தை எட்டுகிறதா என்று கேட்கும். எங்கள் எச்ஆர் பின்னணி வேலை ஹைதராபாத்திலிருந்து நடக்கிறது. போனில் வந்த பையன், "கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கிறதே சார், அப்புறம் எதற்கு ஒபாமாகேர்?" என்றான். அவனைக் குறை சொல்ல முடியாது. அந்தப் படிவத்தையே அவன் பார்த்ததில்லை. "தம்பி, இதனால் கம்பெனிக்கு அபராதமோ செலவோ வராது. அந்த இரண்டு விலையை மட்டும் போட்டு அனுப்பு" என்று சொன்ன பிறகு அனுப்பினான். உண்மையும் அதுதான். ஐம்பதோ அதற்கு மேலோ முழுநேர ஊழியர் உள்ள கம்பெனி, ஊழியருக்குக் கட்டுப்படியாகிற விலையில் தந்தால் போதும். 26 வயது வரை பிள்ளைகளைச் சேர்க்க வழிவிட வேண்டும், ஆனால் அதில் எவ்வளவு பங்கு கட்ட வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. மனைவிக்கோ கணவருக்கோ தர வேண்டிய கட்டாயமே இல்லை.

அப்புறம் விண்ணப்பம். என் பெயரில்தான் கணக்குத் திறந்தேன். அடையாளத்தைச் சரிபார்க்கக் கடன் வரலாற்றிலிருந்து பழைய முகவரி, கார் லோன் என்று கேள்வி கேட்பார்கள். மனைவி எச்4, அதாவது எச்1பி ஊழியரின் குடும்பத்தாருக்கான விசா. சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லை, வரி எண் மட்டும்தான். வரி எண்ணை சோஷியல் செக்யூரிட்டி கட்டத்தில் போடக் கூடாது, காலியாக விட வேண்டும். அவளுடைய ஐ-94 எண்ணை, அதாவது நாட்டுக்குள் நுழைந்த பதிவின் எண்ணைக் கொடுத்தும் அரசுப் பதிவோடு உடனே ஒத்துப்போகவில்லை. ஆவணம் அனுப்ப 95 நாள் அவகாசம் தந்து கடிதம் வந்தது. பதற வேண்டாம், அந்த அவகாசத்தில் காப்பீடு தொடங்கிவிடும். பாஸ்போர்ட், ஐ-94, விசா நிலையை அங்கீகரித்த ஐ-797 கடிதம் மூன்றையும் ஸ்கேன் செய்து ஏற்றியதும் தீர்ந்தது. பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள், அவர்களுக்குப் பிரச்சினை இல்லை. குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கான சிப் திட்டத்தில் வருவார்களா என்று அந்தத் தளமே பார்த்துவிடும். டெக்சஸில் அதன் வரம்பு வறுமைக்கோட்டின் இரு மடங்கைச் சற்றே தாண்டியதும் நின்றுவிடும், நாங்கள் 2.6 மடங்கில் இருந்தோம்.

இந்த இடத்தில் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் குண்டு போட்டார்: "மானியம் வாங்கினால் கிரீன் கார்டு போச்சு." பாதிப் பேர் இந்த ஒரு வரிக்குப் பயந்துதான் இந்தப் பக்கமே வருவதில்லை. கிரீன் கார்டு கேட்பவர் அரசு உதவியை நம்பி வாழ்பவராகிவிடுவாரா என்று பார்ப்பதுதான் பப்ளிக் சார்ஜ். 2022இல் வந்த அதன் விதி சந்தை மானியத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. வக்கீலிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எடுத்து வைத்துக்கொண்ட பிறகே மேலே போனேன். நீங்களும் குழுவை நம்பாமல், இன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

விலை வந்தபோது நம்பவே முடியவில்லை. சில்வர் வகையில் இரண்டாவது மலிவான பிளானுக்கு எங்கள் பங்கு மாதம் 286 டாலர். மீதியை அரசே காப்பீட்டுக் கம்பெனிக்குக் கட்டிவிடும். சரி, முடிந்தது என்று நினைக்கும்போதுதான் டாக்டர் பிரச்சினை. டெக்சஸில் தனிநபர் சந்தையில் அப்போது பிபிஓ, அதாவது வெளி டாக்டருக்கும் ஓரளவு பணம் தருகிற வகை, கிடைக்கவில்லை. பெரும்பாலும் எச்எம்ஓ, இபிஓதான், அதாவது பிளானின் நெட்வொர்க்கில் உள்ள டாக்டர்களிடம் மட்டுமே போகக்கூடிய வகைகள். பெரியவனுக்கு ஆஸ்துமா. அவனைப் பிறந்ததிலிருந்து பார்க்கிற டாக்டரின் பெயர் பிளான் பட்டியலில் இருந்தது. ஆனால் கிளினிக்குக்குப் போன் செய்தால் பில்லிங் அம்மா, "அந்தக் காப்பீட்டுக் கம்பெனியை எடுக்கிறோம், இந்த எச்எம்ஓவை எடுப்பதில்லை" என்றார். அட்டையில் ஒரே லோகோ, நெட்வொர்க் மட்டும் வேறு. ஒவ்வொரு பிளானின் நெட்வொர்க் பெயரையும் முழுதாகப் படித்துக் காட்டிக் கேட்டதில், வேறொன்றை எடுப்பதாகச் சொன்னார். அது 301 டாலர். அவனுடைய இன்ஹேலர் மருந்துப் பட்டியலில் எந்தப் படியில் இருக்கிறது என்றும் பார்த்தேன். அதே மருந்து, வேறு பிராண்ட். டாக்டர் சரி என்றார். பதினைந்து டாலர் அதிகம் கொடுத்தது முழுக்க அவருக்காகத்தான்.

ஜனவரி 1இல் தொடங்க டிசம்பர் 15க்குள் பிளானைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் பிரீமியம் கட்டி ரசீது கைக்கு வந்த பிறகுதான் கம்பெனிப் பட்டியலில் மூவரின் பெயரையும் எடுத்தேன். எங்கள் கம்பெனியின் ஆண்டுத் தேர்வும் அதே சமயத்தில் நடந்தது வசதி. உங்கள் கம்பெனியின் பிளான் ஆண்டு ஜூலையில் தொடங்கினால், நடுவில் குடும்பத்தை மட்டும் விடுவிக்கக் கம்பெனி சம்மதிக்க வேண்டும். வரித்துறை அனுமதித்திருக்கிறது, கம்பெனி தன் விதியில் சேர்த்திருந்தால்தான் நடக்கும்.

லாபம் 800 டாலர் என்று துள்ள வேண்டாம். கம்பெனி பிடித்தம் வரிக்கு முன்னால் போவது, வெளியே கட்டுவது வரி போக மிச்சத்திலிருந்து. அதைக் கழித்தும் எங்களுக்கு மாதம் 500க்கு மேல் நின்றது. இரண்டு காப்பீடு என்பதால் இரண்டு டிடக்டிபிள் (காப்பீடு கொடுக்கத் தொடங்கும் முன் நாம் கட்டுவது), நம் கைச்செலவுக்கு இரண்டு உச்சவரம்பு. நானும் பிள்ளையும் ஒரே ஆண்டில் ஆஸ்பத்திரியில் படுத்தால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும்.

வரி தாக்கலில், சந்தை அனுப்புகிற 1095-ஏ படிவத்தை வைத்து, மானியத்தைச் சரிபார்க்கிற 8962 படிவத்தைப் போட வேண்டும். கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்தால்தான் மானியம். வருமானத்தைக் குறைத்துச் சொல்லியிருந்தால் திருப்பிக் கட்ட வேண்டும். முன்பு எங்கள் வருமானத்தில் உள்ளவர்களுக்கு அதற்கு ஓர் உச்சவரம்பு இருந்தது. 2026 வருமானத்திலிருந்து அது கிடையாது. போனஸ் வருகிற நாளிலேயே தளத்தில் வருமானத்தைத் திருத்திவிடுங்கள்.

இப்போது நிலைமை மாறிவிட்டது. 2021இல் கூட்டிய மானியம் 2025 டிசம்பரோடு முடிந்தது. சம்பளமும் கொஞ்சம் ஏறியிருந்ததால் 2026க்கான எங்கள் பங்கு இரு மடங்கைத் தாண்டியது. இருந்தாலும் கம்பெனி விலையை விடக் குறைவு என்பதால் தொடர்கிறோம். 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் எச்1பி, எச்4 போன்ற விசாக்காரர்களை 2027 ஜனவரி முதல் மானியத்திலிருந்து வெளியே தள்ளுகிறது. பிள்ளைகள் குடிமக்கள் என்பதால் அவர்களை அது தொடாது. மனைவியைத் திரும்பக் கம்பெனிக்குள் கொண்டுவர வேண்டும். ஊழியர், மனைவி இருவருக்கு மட்டும் என்ன விலை என்று எச்ஆருக்கு எழுதியிருக்கிறேன். பதில் சொல்ல வேண்டியது அதே ஹைதராபாத் தம்பி. இந்த முறை படிவத்தை அவனே இணைத்து அனுப்பிவிட்டான், விலையைத்தான் இன்னும் நிரப்பவில்லை.