டேக்-ஆஃப் குறிப்புகள்: வி1-க்கு முன்னும் பின்னும்

ஜூன் 2

வி1 என்பது டேக்-ஆஃபைக் கைவிடும் முடிவுக்கான கடைசி வேகம். அந்த அறிவிப்பு காதில் விழுந்த பிறகு நிறுத்தலாமா என்று யோசிப்பவர் தாமதித்துவிட்டார். அந்த வேகத்துக்குள் நிறுத்துவதற்கான முதல் செயல் தொடங்கியிருக்கும் என்று வைத்துத்தான் ஓடுபாதைக் கணக்கே போடப்படுகிறது. அதனால் கேப்டனின் கை வி1 வரை த்ரஸ்ட் லீவர்களின் (இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடிகள்) மேல் இருக்கும், பிறகு எடுத்துவிடுவார். கை அங்கேயே கிடந்தால் இழுக்கத்தான் தோன்றும்.

போயிங் 737-ல் நிறுத்தும்போது, லீவர்களை ஐடிலுக்கு (மிகக் குறைந்த விசைக்கு) இழுப்பது, ஆட்டோத்ராட்டிலைத் (விசையைத் தானாகச் சரிசெய்யும் கருவி) துண்டிப்பது, பிரேக் மூன்றும் ஒரே மூச்சில். அடுத்து ஸ்பீட் பிரேக் (இறக்கை மேல் எழும் தடுப்புத் தகடுகள்), ரிவர்ஸ் (இன்ஜின் விசையை எதிர்த்திசையில் திருப்புவது). பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு: ஆர்டிஓ (டேக்-ஆஃபைக் கைவிடுதல்) ஆட்டோபிரேக் 90 நாட்ஸுக்கு (மணிக்கு 90 கடல் மைல்) மேல்தான் வேலை செய்யும். 85-ல் நிறுத்தினால் காலால் மிதிக்க வேண்டியதுதான்.

ஜூன் 3

ஓட்டத்தின் நடுவே வேகத்தை அறிவிக்கும் இடம்: போயிங்கில் 80 நாட்ஸ், ஏர்பஸ்ஸில் 100. அதற்குக் கீழே எந்த எச்சரிக்கை வந்தாலும் தயங்காமல் நிறுத்தலாம், செலவு குறைவு. மேலே போனால் இன்ஜின் செயலிழப்பு, தீ, விமானம் பறக்காது என்ற நிலை போன்ற சிலவற்றுக்கு மட்டும். ஏர்பஸ் 80 நாட்ஸிலிருந்தே பல சிறு எச்சரிக்கைகளை அடக்கிவைக்கிறது.

அந்த அறிவிப்பின் இன்னொரு பயன் இரு பக்க வேகமானிகளும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது. பார்க்காமல் "செக்" என்று சொல்வது வெறும் சத்தம். 1996 பிப்ரவரி 6 அன்று புவெர்ட்டோ பிளாட்டாவில் பிர்கன்ஏர் 757-ன் கேப்டன், தன் பக்க வேகமானி வேலை செய்யவில்லை என்று ஓடுபாதையிலேயே கவனித்தும் கிளம்பினார். 189 பேர் இறந்தார்கள். வேகமானிக்குக் காற்றழுத்தம் தரும் பிட்டோ குழாயைக் குளவிக்கூடு அடைத்திருக்கலாம் என்பது விசாரணையின் முடிவு. 2018 ஜூலை 18 அன்று பிரிஸ்பேனில் மலேசியன் ஏர்லைன்ஸ் ஏ330, பிட்டோ உறைகளைக் கழற்றாமலே பறந்தது. அந்த உறைகளைப் போட்டதும் குளவிக்குப் பயந்துதான்! இம்முறை பத்திரமாகத் திரும்பினார்கள்.

ஜூன் 6

வி1 தாண்டி ஒரு இன்ஜின் போனால் விமானம் அந்தப் பக்கமே இழுக்கும். ஓடும் இன்ஜின் பக்கத்து ரட்டர் பெடலை (வால் சுக்கானை அசைக்கும் மிதி) மிதித்து நேராக்கி, ரொட்டேட் வேகம் (மூக்கைத் தூக்கும் வேகம்) வந்ததும் மூக்கை வழக்கத்தைவிட நிதானமாகத் தூக்க வேண்டும். ஏற்றம் உறுதியானதும் சக்கரம் உள்ளே. வேகம் வி2-க்குக் (ஒரு இன்ஜினோடு பாதுகாப்பாக ஏறுவதற்கான வேகம்) கீழே இறங்கக் கூடாது. இரட்டை இன்ஜின் விமானம் சக்கரத்தை மடக்கிய பிறகு ஒற்றை இன்ஜினில் குறைந்தது 2.4 சதவீதச் சரிவில் ஏறும்படிதான் எடை கணக்கிடப்பட்டிருக்கும். ஆகவே 400 அடி வரை வேறெதையும் தொடாமல் ஓட்டினால் போதும். தீ மணி அடித்தாலும் அப்படித்தான்.

அதற்குமேல் 737-ன் தீ வரிசை: ஆட்டோத்ராட்டில் துண்டிப்பு, அந்தப் பக்க லீவர் ஐடிலுக்கு, எரிபொருள் லீவர் கட்டாஃப், தீ சுவிட்சை இழுத்தல். விளக்கு அணையவில்லையென்றால் சுவிட்சைத் திருகி ஒரு நொடி பிடிக்க வேண்டும். 30 நொடியில் அணையாவிட்டால் அடுத்த தீயணைப்பு பாட்டில்.

லீவரைத் தொடும் முன் இருவரும் பக்கத்தை உறுதிப்படுத்த வேண்டும். 2015 பிப்ரவரி 4 அன்று தைபேயில் டிரான்ஸ்ஏசியா ஏடிஆர் 72 கிளம்பிய சிறிது நேரத்தில் இரண்டாம் இன்ஜின் புரொப்பெல்லர் தானாக ஃபெதர் ஆனது (அலகுகள் காற்றுக்கு இணையாகத் திரும்பி உந்துவிசை இழந்தது). கேப்டன் நிறுத்தியது நன்றாக ஓடிய முதல் இன்ஜினை. 43 பேர் இறந்தார்கள்.

ஜூன் 9

வி1-க்குப் பின் நிறுத்தியது சரியாக அமைந்த அரிய நிகழ்வு: 2017 மார்ச் 8, மிச்சிகன் வில்லோ ரன், எம்டி-83, 116 பேர். விமானம் நிறுத்திவைக்கப்பட்டிருந்தபோது பலத்த காற்று எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பகுதி) சிக்கவைத்துவிட்டது. அந்த ரகத்தில் எலிவேட்டரை அதன் ஓரத்திலுள்ள சிறு டேப்கள்தான் (தகடுகள்) அசைக்கும். காக்பிட்டில் யோக்கை (விமானியின் கைப்பிடி) ஆட்டிப் பார்த்தாலும் சிக்கல் தெரியாது. மூக்கு எழவில்லை, கேப்டன் நிறுத்தினார். அவரை மதிப்பிட உடன் இருந்த விமானி குறுக்கிடவில்லை. விமானம் ஓடுபாதை தாண்டி ஓடி நொறுங்கியது. ஒருவருக்கு மட்டும் சிறு காயம்.

ஜூன் 10

நின்ற பிறகு: பிரேக் சூடு உச்சத்தைத் தொடுவது 10 முதல் 15 நிமிடம் கழித்து. சக்கரத்திலுள்ள ஃபியூஸ் பிளக் (சூட்டில் உருகும் அடைப்பான்) உருகி டயர் தானாகக் காற்றிறங்கும். அது பழுது அல்ல, வெடிக்காமலிருக்கச் செய்த ஏற்பாடு. தீயணைப்பு வீரர்கள் சக்கரத்தை முன்பக்கமோ பின்பக்கமோதான் அணுகுவார்கள், பக்கவாட்டில் அல்ல.