சூஜோவும் அந்த 65 விழுக்காடும்

அயல்நாட்டில் தொழிற்பேட்டை கட்டி, அதில் பன்னாட்டு நிறுவனங்களைக் குடியேற்றும் வேலையை ஆசியாவில் சிங்கப்பூர் அளவுக்கு முனைப்பாகச் செய்த நாடுகள் மிகச் சில. சொந்த மண்ணில் நிலம் சுருங்கி, கூலி ஏறி, ஆள் கிடைப்பதும் அரிதான காலத்தில், ஜூரோங் என்ற தன் தொழிற்பேட்டையில் பழகிய கைத்திறனை அது அண்டை நாடுகளுக்குக் கொண்டுபோனது. 1990இல் இந்தோனேசியாவின் சலீம் குழுமத்தோடு சேர்ந்து பாத்தாம் தீவில் தொடங்கிய பாத்தாமிண்டோ அதன் முதல் பெரிய முயற்சி. தீவின் வசதிகளை நம்பியிருக்க முடியாததால் மின்நிலையம், நீர்ச் சுத்திகரிப்பு, ஜாவாவிலிருந்து ஒப்பந்தத்தில் வந்த இளம்பெண்கள் தங்கும் விடுதிகள் என எல்லாவற்றையும் பேட்டைக்குள்ளேயே அமைத்தார்கள். பெங்களூரு வொயிட்ஃபீல்டில் டாட்டா குழுமத்தோடும் கர்நாடக அரசோடும் சேர்ந்து எழுப்பிய தொழில்நுட்பப் பூங்காவும் தனக்கென மின்நிலையம் வைத்திருந்தது.

ஆனால் இத்துறையைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர் முதலில் படிக்க வேண்டியது சீனாவின் சூஜோவைத்தான். 1994 பிப்ரவரி 26 அன்று பெய்ஜிங்கில் சிங்கப்பூரின் மூத்த அமைச்சர் லீ குவான் இயூவும் சீனத் துணைப் பிரதமர் லீ லான்சிங்கும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி, 70 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு புதிய தொழில்நகரம் உருவாக வேண்டும். அதைக் கட்டும் கூட்டு நிறுவனத்தில் சிங்கப்பூர்த் தரப்புக்கு 65 விழுக்காடு, சீனத் தரப்புக்கு 35 விழுக்காடு. அங்கே நிலத்தைத் தயார்செய்த முறையை ‘ஒன்பது இணைப்பு, ஒரு சமன்படுத்தல்’ என்று சீனர்கள் சொல்வார்கள். ஒரு தொழிற்சாலை தன் முதல் தூணை நடுவதற்கு முன்பே சாலை, மின்சாரம், குடிநீர், கழிவுநீர், மழைநீர் வடிகால், எரிவாயு, நீராவி, தொலைபேசி, கேபிள் தொலைக்காட்சி ஆகிய ஒன்பதும் மனையின் எல்லைவரை வந்துவிட வேண்டும். மனையும் மேடுபள்ளமின்றி நிரவப்பட்டிருக்க வேண்டும். சூஜோ அதிகாரிகள் சிங்கப்பூர் சென்று பயிற்சி பெற்றார்கள். ஊழியர்களுக்கான கட்டாயச் சேமிப்பான சிங்கப்பூரின் மத்திய சேமநிதியைப் பின்பற்றிப் பேட்டைக்கென ஒரு சேமநிதியும் வந்தது.

இவ்வளவு செய்தும் பேட்டை சறுக்கியது. நகரின் மேற்குப் பக்கத்தில், 1990 முதலே, சூஜோ நகராட்சிக்கே சொந்தமான இன்னொரு வளர்ச்சி மண்டலம் இருந்தது. அதில் வரும் ஆதாயம் முழுவதும் நகராட்சிக்கு. சிங்கப்பூர்ப் பேட்டையிலோ சீனத் தரப்பு முழுவதுக்குமே 35 விழுக்காடுதான். ஆகவே உள்ளூர் அதிகாரிகள் முதலீட்டாளர்களை இன்னும் மலிவான நிலத்தைக் காட்டித் தங்கள் மண்டலத்துக்கே அழைத்தார்கள். லீ குவான் இயூ 1997இல் வெளிப்படையாகவே வருத்தம் தெரிவித்தார். பெய்ஜிங்கின் ஆசி இருந்தால் போதும் என்ற கணக்கு, மனைக்கு அனுமதி தரும் மேசையில் செல்லுபடியாகவில்லை. 1999இல் உடன்பாடு கண்டு, 2001 தொடக்கத்தில் பங்குகள் தலைகீழாயின: சீனத் தரப்புக்கு 65, சிங்கப்பூருக்கு 35. அதே ஆண்டில் பேட்டை முதன்முறையாக லாபம் கண்டது.

இதைச் சிங்கப்பூரின் தோல்வி என்று எழுதுகிறவர்களோடு நான் உடன்படவில்லை. பூமிக்கடியில் போட்ட பணம் திரும்பிவர ஆண்டுகள் பிடிக்கும் என்பதும், 1997இன் ஆசிய நிதி நெருக்கடி முதலீட்டையே உலுக்கியது என்பதும் சேர்த்து எண்ணப்பட வேண்டியவை. ஆயினும் அந்தப் பங்கு விகிதம் தொடக்கத்திலேயே தவறானது என்பது என் உறுதியான கருத்து. எந்த நகரம் நாள்தோறும் தண்ணீரும் அனுமதியும் தர வேண்டுமோ, அந்த நகரத்துக்கு லாபத்தில் சிறுபங்கை ஒதுக்கிவிட்டு அதன் உழைப்பை முழுதாக எதிர்பார்ப்பது நியாயமாகாது.

ஹோ சி மின் நகருக்கு வடக்கே 1996இல் தொடங்கிய வியட்நாம்-சிங்கப்பூர் தொழிற்பேட்டை வேறு வழியில் சென்றது. அங்கே மாகாண அரசின் நிறுவனமான பெக்காமெக்ஸ் தொடக்கத்திலேயே 49 விழுக்காட்டுப் பங்காளி. இன்று அந்தப் பெயரில் வியட்நாமின் வடக்கிலும் தெற்கிலுமாகப் பத்துக்கு மேற்பட்ட பேட்டைகள் இருக்கின்றன. மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் அமைய 2025 ஜனவரியில் கையெழுத்தான ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் மண்டலத்தைப் பற்றிய செய்திகளில் வரிச்சலுகைகளே பெரிதாகப் பேசப்படுகின்றன. அங்கே வரும் ஒவ்வொரு தொழிற்சாலையாலும் ஜொகூர் மாநில அரசுக்கும் ஊராட்சி மன்றங்களுக்கும் நேரடியாக என்ன கிடைக்கும் என்பதையே நான் முதலில் தேடிப் படிக்கிறேன்.